ஒரு டோக்கன், இரண்டு ஆட்கள்

நூர்னிசா பயந்த சுபாவக்காரி. இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடைக்கடை வைத்திருந்த ஜமால் முகமதுவின் மகள். பின்னாளில் இரண்டு மூன்று மில்லுகளுக்கு டேட்டாபேஸ் அமைத்துக் கொடுத்தவள், ஃபாக்ஸ்புரோ படிக்க வந்த பெண்களுக்கெல்லாம் டீச்சர். அப்போதும் திரையில் ஒரு பெயர் வந்துவிட்டால், "இவரு அவருதானா?" என்று இன்னொரு தடவை கேட்காமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டாள். "நிக்காஹ் அன்னிக்கு என்னையும் அப்படித்தான் பாத்தா" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு மெஷினைக் கண்டு பயமே கிடையாது. மனிதர்களைக் கண்டுதான் பயம், அதிலும் குரலை உயர்த்தும் மனிதர்கள் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டும் இடம் மாறியது ஒரே நாளில்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. அதற்கென்று குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட ஒரு பலகை. தொழிலாளி பஞ்சுத் தூசியில் வெந்துகொண்டிருப்பான், பெட்டி மட்டும் ஜில்லென்று இருக்க வேண்டும். முதலாளிமாரின் அக்கறை அப்படி. அந்த அறைக்குள் நூர்னிசாவை உட்காரவைத்து, தொழிலாளர் விவரம் முழுவதையும் டிபேஸ் என்ற புரோகிராமில் ஏற்றச் சொன்னார்கள்.

மில்லுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். மேஸ்திரி கூப்பிடுவதும் நம்பரைச் சொல்லித்தான், சண்டை போடுவதும் நம்பரைச் சொல்லித்தான். அதனால் அவளும் டோக்கன் நம்பரை வைத்தே இன்டெக்ஸ் போட்டாள். நம்பரை அடித்தால் திரையில் ஆள் வந்து நிற்பான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதில் ஒரு சங்கதி இருந்தது. ஒருவன் வேலையை விட்டுப் போனால் அவனுடைய பித்தளை டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டுவார்கள். அடுத்து வருகிறவனுக்கு அதையே எடுத்துக் கொடுப்பார்கள். போனவனின் பி.எஃப். பேப்பர் முடிகிறவரை அவனுடைய ரெக்கார்டையும் அழிக்கக் கூடாது. ஆக, ஒரே நம்பரில் இரண்டு ஆட்கள். நம்பரை அடித்தால் முதலில் வந்து நிற்பது பழைய ஆள். நூர்னிசா இதைக் கண்டுபிடித்து லேபர் ஆபீசர் பொன்னுராஜிடம் போய்ச் சொன்னாள்.

"சார், நம்பர் ஒண்ணு, ஆள் ரெண்டா இருக்கு சார்."

"இருந்துட்டுப் போகுது. இதுக்கெல்லாம் எங்கிட்ட வருவியா? போம்மா, வேலையப் பாரு."

குரல் உயர்ந்துவிட்டது. அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐப்பசி மாதம், ஒரு காலை. பொன்னுராஜ் செருப்போடு கம்ப்யூட்டர் அறைக்குள் ஓடி வந்தார். சட்டை முன்புறமெல்லாம் ரத்தம்.

"நானூத்திப் பன்னெண்டு! கார்டிங் மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வீட்டு ஆள் கேக்கான். ஊரச் சொல்லு, சீக்கிரம்!"

ரத்தத்தைப் பார்த்ததுமே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ நம்பரை அடித்தாள். ஆள் வந்து நின்றான்.

"தங்கச்சாமி. தாயார் வெள்ளத்தாய். மகாராஜபுரம்."

டிரைவர் அபுதாஹிர் வாசலில் காத்திருந்தார். ஊரைக் கேட்டதும் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. நூர்னிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் என்ன நினைத்ததோ, அடுத்த ரெக்கார்டுக்கு நகர்த்தியது. அங்கேயும் நானூற்றுப் பன்னிரண்டு. ஐயாதுரை. மனைவி முத்துப்பேச்சி. செண்பகத்தோப்பு ரோடு. வேலையில் சேர்ந்தது தை மாதம், தங்கச்சாமி நின்ற அதே வாரம்.

எழுந்து ஓடினாள். செருப்பு போடக்கூட நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பொன்னுராஜை மறித்து, அழுதுகொண்டே சொன்னாள். அவர் கத்திய கத்தலில் கேட் வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டான். முன்பு அவள் வந்து சொன்னது அவருக்கு ஞாபகம் வந்ததா, வந்தும் விழுங்கிவிட்டாரா தெரியாது. மோட்டார் சைக்கிளில் ஓர் ஆளைச் செண்பகத்தோப்பு ரோட்டுக்கு விரட்டினார். பிறகு அவளைப் பார்த்து, "மகாராஜபுரத்துக்கு நீயே போ. நீ சொன்னத நீயே போயி மாத்திச் சொல்லு" என்றார்.

அந்த பஸ் பயணத்தைப் பற்றி நூர்னிசா பிற்பாடு யாரிடமும் அதிகம் பேசியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் ஏறினாள். எதிரே வருகிற வண்டியெல்லாம் மில் ஜீப்பாகவே தெரிந்தது. அந்தத் தாய்க்கு நெஞ்சு வலி இருந்து, சேதி கேட்டதும் விழுந்துவிட்டால்? பொய்ச் சேதியால் வந்த சாவுக்குத் தான் அல்லவா பொறுப்பு? ஊரார் சும்மா விடுவார்களா? பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏந்தாயி இப்படி நடுங்குதே, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதற்குள் முத்துப்பேச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தாள். ஐயாதுரைக்கு இரண்டு விரல் போயிற்று, கை பிழைத்தது. இதெல்லாம் பஸ்ஸில் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

மகாராஜபுரத்தில் இறங்கும்போதே ஒப்பாரி கேட்டது. கை போன சேதி தெருமுனையைத் தாண்டுவதற்குள் உயிர் போன சேதியாகியிருந்தது. வயல் வேலைக்குப் போயிருந்த வெள்ளத்தாயைத் தேடிப் பிடித்துக் கூட்டிவரவே அபுதாஹிருக்கு நேரமாகிவிட்டது. ஜீப்புக்குள் சேற்றுக்காலோடு உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள் அவள். சுற்றிலும் பெண்கள்.

"அண்ணே, இவிய இல்ல. ஆள் மாறிப் போச்சு" என்றாள் நூர்னிசா.

அபுதாஹிர் முகம் வெளுத்துவிட்டது. "யா அல்லாஹ்! இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிச் சொல்ல? நீயே சொல்லும்மா."

சொன்னாள். குரல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அடிபட்டது வேறு ஒருத்தர், தங்கச்சாமி இல்லை, என் தப்புதான் என்றாள். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வெள்ளத்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். ஊரே அடிக்க வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு ஒருத்தி மோர் கொண்டுவந்து நீட்டினாள். போன உயிர் திரும்பி வந்தது நூர்னிசாவுக்கு.

"எஞ்சாமி, என் வயித்துல பால வாத்த" என்று வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப எம் மகன் மில்லுலதான இருக்கான்? சித்திரைக்குப் பொறவு ஊருப்பக்கமே வரல. வேலை ரொம்பன்னு இருந்துட்டேன். இப்பிடி ஆயிப் போச்சுன்னு அவன்ட்ட சொல்லு தாயி. ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு."

மோர்ச் செம்பு கையில் அப்படியே நின்றுவிட்டது. ஆமாம்மா, சொல்லுதேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதுதான் அவள் சுபாவம். அபுதாஹிர்கூட வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆனால் ஒருதடவை வாயை மூடிக்கொண்டு போனதால் வந்த வினை எதிரே சேற்றுக்காலோடு உட்கார்ந்திருந்தது.

"அம்மா, அவிய மில்லுல இல்லம்மா. தை மாசமே வேலைய விட்டு நின்னுட்டாவ."

"சித்திரையில வந்தானே! மில்லுல இருந்து வாரேன்னுதான சொன்னான்?"

நூர்னிசா மோர்ச் செம்பை ஜீப்பின் ஓரத்தில் வைத்தாள்.

"பொறவு எங்க இருக்கான்?"

"தெரியலம்மா."

"நம்பரப் போட்டா ஆளு வந்துருமாமே, டிரைவரு தம்பி சொல்லுச்சு. பாத்துச் சொல்லு."

"அதுல இந்த ஊரு மட்டுந்தாம்மா இருக்கு. போன இடம் இல்ல."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளத்தாய் நூர்னிசாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியில்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

"நீ மொதல்ல சொன்னதே நெசமா இருந்துட்டுப் போகட்டும் தாயி. கை போனாப் போகுது. ஆஸ்பத்திரியிலயாவது இருக்கான்ல. என்னையக் கூட்டிட்டுப் போ."

எவ்வளவு சொல்லியும் அவள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.