"என்ன" என்ற சொல்லும் நிஸ்தார் நானாவும்

மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம், முன்பு என்னோடு வேலை செய்த மன்சூர் தொலைபேசியில் அழைத்தார். "நிஸ்தார் நானா மௌத்தாகிட்டாரு. நாளைக்குப் பகல் லுஹர் தொழுகையோட ஜனாஸா அடக்கம்" என்றார். மன்சூரின் நெஞ்செலும்புகள் இன்றும் முழுதாக இருப்பது நானாவால்தான்.

நானாவை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து ஒரே ஒரு பையோடு புத்தளம் வந்தவர். யுத்தம் முடிந்த பின்வந்த ஆண்டுகளில் அவர் உப்புக் களஞ்சியமொன்றின் மேற்பார்வையாளர். நான் அங்கே மூட்டைகளுக்குச் சீட்டு எழுதினேன். ஒருநாள் முதலாளி கூரையின் ஒழுக்கைப் பார்க்க ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கரங்களில் ஏறி நின்று, "தூக்கு" என்றார். நானா சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "ஏணி வெளிய இருக்கு முதலாளி. இது உப்புத் தூக்கிற சாமான். உப்பு விழுந்தா கூட்டி அள்ளலாம்." முதலாளி இறங்கினார். அள்ளப்படுவதில் அவருக்கு விருப்பமில்லை.

சுனில் சிலாபம் பக்கமிருந்து வந்த சிங்கள ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். வந்து இரண்டு கிழமைதான், தமிழ் தெரியாது. ஒரு காலை, கண்ணை மறைக்கும் உயரத்துக்கு மூட்டைகளைத் தூக்கியபடி சுவரை நோக்கி வந்தவர், வழி காலியாக இருக்கிறதா என்றறிய "மன்சூர்" என்று கூப்பிட்டார். சுவரோரம் கிழிந்த மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த மன்சூர், "என்ன?" என்று கேட்டார். நம்முடைய இந்தக் கேள்வி சிங்களக் காதில் "வாருங்கள்" என்று விழும். சுனில் வந்தார். மன்சூர் இன்னும் உரக்க "என்ன?" என்றார். சுனில் மரியாதை தெரிந்தவர், வேகத்தைக் கூட்டினார். பயத்தில் மன்சூருக்கு வேறு சொல் வரவில்லை. மூன்றாம் முறையும் அதையே கத்தினார். நானா ஓடினார். மன்சூரிடமல்ல, சுனிலின் கண் படும் பக்கத்துக்கு. இரு கைகளையும் விரித்து நின்றார். வண்டி நின்றபோது மூட்டைக்கும் மன்சூரின் நெஞ்சுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது.

ஊரில் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்த காலம் அது. லுஹருக்கு முன்பே வாசலில் கூட்டம் திரண்டுவிட்டது. மன்சூரின் மச்சான் ரியாஸ் தடியோடு நின்றார். "வேணுமெண்டுதான் ஏத்தப் பாத்திருக்கான். அவன வெளிய விடுங்க நானா." சுனில் உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். முதலாளி, முந்தல் ஊரில் அவசர வேலையென்று, பின்வாசலால் போயிருந்தார்.

நானா கதவை அகலத் திறந்தார். பிறகு உள்ளே திரும்பி, "என்ன?" என்று உரக்கக் கேட்டார். சுனில் எழுந்து வந்தார். பாதி வழியில் கூட்டத்தைக் கண்டு நின்றுவிட்டார்.

"இப்ப நீ கேளு தம்பி. அந்த ஒரு சொல்லுதான்" என்றார் ரியாஸிடம்.

"எனக்கு அவனோட பேச்சில்ல."

"கேட்டுப்போட்டு அடி."

ரியாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன?" என்றார். சுனில் இன்னும் இரண்டு எட்டு வைத்தார். முகத்தில் இரத்தமில்லை, ஆனாலும் வந்தார்.

தண்ணீர்ப் போத்தலோடு குந்தியிருந்த மன்சூர்தான் முதலில் சிரித்தார். "நான்தான் கூப்பிட்டிருக்கேன் மச்சான். மூணு தரம்." ரியாஸ் தடியை என்ன செய்வதென்று தெரியாமல் களஞ்சிய மூலையில் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் நானா சட்டம் போட்டார்: "குரலுக்கு வண்டி எடுக்கக் கூடாது. ஆளைக் கண்டு, கையைக் கண்டு எடுக்கணும்." களஞ்சியத்துக்குள் "என்ன" தடைசெய்யப்பட்டது. கேட்டேயாக வேண்டியவர்கள் வாசலுக்குப் போய்க் கேட்டார்கள்.

ஜனாஸாவுக்கு சுனில் இரவல் தொப்பியோடு வந்திருந்தார். நானா எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். ஒருவன் வேண்டுமென்றே செய்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால், அவன் காதில் விழுந்தது எது என்று விசாரிக்கிறேன். அநேகமாக எல்லோரும் எரிச்சல்படுகிறார்கள். நான் கேட்பதை நிறுத்தவில்லை.