பொத்தானைக் கட்டிய தோல் வார்

அப்போதெல்லாம் ஆம்பூரில் எந்த ஷூ கம்பெனியின் வெட்டும் அறைக்குள் போனாலும் ஒரு காட்சி தவறாது. கட்டிங் மெஷினில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்புத் தலை இறங்கும். கை அடியில் சிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நம்ம ஆட்கள் இடது பொத்தானை ஒரு தோல் வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? வலது கை அழுத்தும், இடது கை தோலை நகர்த்தும். வேலை பறக்கும். சில சமயம் விரலும்.

ஒயரிங் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பாதுகாப்பு ரிலே வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவு மஞ்சள் டப்பா. ஒரு பொத்தான் கட்டியே கிடந்தால் மெஷினை அசைய விடாது. ஒவ்வொரு தடவையும் இரண்டையும் விட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். பல கம்பெனிகளில் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு கம்பெனியின் முதலாளி பாய் ஒத்துக்கொண்டார். சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அவர் அறையில் தோல் வாரைப் பார்த்து முகம் சுளித்திருந்தார்கள்.

“ஒரு மெஷின்ல மாட்டு. சாயங்காலம் பார்ப்பேன். உருப்படி ரொம்ப கம்மியாச்சுன்னா டப்பாவ நீயே கழட்டி எடுத்துக்கினு போய்டணும்” என்றார்.

அந்த மெஷினில் நின்றவர்தான் அறையிலேயே வேகமான கை. ஆள் குள்ளம், வாய் நீளம்.

“இன்னா தம்பி, பொத்தான அவுத்துட்டு என் கைய கட்டிட்டியா?”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மதியத்துக்குள் உருப்படி வெகுவாகப் பின்தங்கியது. அவர் வலியில் தன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். டப்பாவோடு வந்த படத்தில் இருந்தபடியே பொத்தான்களை உயரத்தில் மாற்றி வைத்திருந்தேன்.

“இத வரைஞ்சவன் பனமர ஒசரம் போல. ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு கையயும் தூக்கி கோவிந்தா போடறேன்பா.”

கிண்டல்தான், ஆனால் கோளாறு அதில்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பொத்தான்களைக் கழற்றி அவருடைய முழங்கை உயரத்துக்கு இறக்கினேன். கொஞ்சம் கிட்டவும் கொண்டுவந்தேன். ஒரே கையால் இரண்டையும் அழுத்த முடியாத தூரம் மட்டும் விட்டேன்.

“இப்ப கை தானா போய் உக்காருது” என்றார். அதன் பிறகு மெஷின் தாளம் பிடித்தது.

நாலு மணி இருக்கும். தலை இறங்கிக்கொண்டிருந்தபோது தோலின் ஓரம் மடங்கியது. பல வருஷப் பழக்கம், இடது கை பொத்தானை விட்டுவிட்டு மடிப்பை நீவ உள்ளே போனது. தலை பாதியில் நின்று, மேலே ஏறிவிட்டது.

அவர் கையை வெளியே எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து மெஷின்காரரிடம் திரும்பினார்.

“டேய், உன் வார அவுருடா.”

“பாய் ஒண்ணும் சொல்லலியே?”

“நான் சொல்றேன். அவுரு.”

சாயங்காலம் பாய் வந்து பார்த்தார். உருப்படி கொஞ்சம் கம்மிதான். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

“பாய், காலைல தம்பி பொத்தான ஒசரத்துல வெச்சதால போனது அது. நாளைக்கு புடிச்சிடுவேன். டப்பாவ எடுத்தீங்கன்னா நான் இதுல நிக்கமாட்டேன்” என்றார் மெஷின்காரர்.

பாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கை போனா வராது, ஆர்டர் போனாலும் வராது. எல்லா மெஷினுக்கும் மாட்டிடு” என்றார்.

அதற்குப் பிறகு நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. அந்த அறையிலிருந்து வேறு கம்பெனிக்குப் போனவர்கள், டப்பா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினில் நின்றார்களாம். வாணியம்பாடியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் மேஸ்திரிகள் போன் செய்தார்கள். ரெண்டாயிரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் டிரம்முக்குக் கதவு திறந்தால் சுற்றாமல் நிறுத்தும் ஸ்விட்ச், பெரிய பிரஸ்ஸுக்குக் கை நுழைந்தால் நிறுத்தும் ஒளித் திரை என்று வேலை பெருகியது. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் ஓரம் நின்று, சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு வரும் அந்தக் கைகளைப் பார்ப்பேன். மார்தட்டிக்கொள்ள எனக்கு அது போதும்.