யோகா அன்ரியின் மூன்று கரண்டி

வணிகக் குறி பதிந்து கொடுப்பவனைக் கலியாண வீடுகளில் யாரும் பெரிதாய் விசாரிப்பதில்லை. ஒருவருடைய வியாபாரப் பெயரையும் படத்தையும் இன்னொருவர் எடுத்துக்கொள்ளாமல் அரசாங்கத்தில் பதிவதுதான் என் வேலை என்று விளக்கி முடிப்பதற்குள், கேட்டவர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் கந்தோர் வைத்துப் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். மற்றவர்களின் ஃபோர்ம்களை நிரப்பியே காலம் போக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

ஒரே ராசா

யோகா அன்ரி விட்பியில் வறுத்த மிளகாய்த்தூள் செய்து விற்பவர். பக்கற்றில் மூன்று கரண்டிப் படம். பெயரும் 'மூன்று கரண்டி'தான். கனடாவில் நான்தான் பதிந்து கொடுத்தேன். கரிபியன் பக்கம், பிரித்தானியாவின் கீழ் இருக்கிற ஒரு சின்னத் தீவில் அவருக்கு மகன் முறையான பெறாமகன் சுதன் கணக்காளர். அவன் கொண்டுபோய்க் கொடுத்த தூள் அங்கத்தைய ஹோட்டல் சமையல்காரர்களுக்குப் பிடித்துப்போய், மாதாமாதம் பெட்டி பெட்டியாகப் போகத் தொடங்கியது. தீவிலும் தனியாகப் பதிய வேண்டும் என்று நான் சொன்னதும் அன்ரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரெண்டு இடத்துக்கும் ஒரே பிரித்தானிய ராசாதானே தம்பி, பேந்தென்ன ரெண்டு பேப்பர்?"

சுதனின் பெயரில்

அன்ரியின் பெயரிலேயே பதிந்திருக்கலாம். அதற்கு அவர் நோட்டரிக்கு முன்னால் கையெழுத்து வைத்து, மூலப் பத்திரத்தைத் தீவிலுள்ள முகவருக்கு அனுப்ப வேண்டும். திகதி போடவில்லையென்று முதல் பத்திரம் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் றிச்மண்ட் ஹில் கோயிலில் தேர்த் திருவிழா; அங்கே எனக்கு வேலை தலைக்கு மேலே. இன்னொரு தடவை எல்லாவற்றையும் தொடங்கப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது.

சுதனின் பெயரில் போட்டால் சுகம் என்று நினைத்தேன். நமக்கு இது புதிதா? கனடா வந்த தொடக்கத்தில் பார்க்டேலில் இருந்தபோது என் முதல் கார் மச்சானின் பெயரில், ஃபோன் அறைத் தோழனின் பெயரில், மச்சானின் வீடு அவருடைய தமக்கையின் பெயரில். ஆனால் எனக்குப் பஞ்சி என்று அன்ரியிடம் சொல்ல முடியுமா? தீவுச் சட்டப்படி அங்கே இருப்பவர் பெயரில்தான் பதியலாம் என்று சொன்னேன். சுத்தப் பொய். அன்ரி தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்து மேசை மிலானி இங்கே பிறந்தவள், வேலைக்குப் புதிது. அவள்தான் கேட்டாள்.

"அங்கிள், தூள் அவவின்ர, டிசைன் அவவின்ர. ஓனர் மட்டும் ஏன் அவர்? ஐ டோன்ட் கெட் இட்."

மறித்த பெட்டிகள்

அடுத்த வருடம் அன்ரியின் குடும்பத்தில் ஒரு பிள்ளை பெரியவளாகி நடந்த சாமத்தியவீட்டுக்குச் சுதனின் குடும்பத்தை ஒழுங்காகக் கூப்பிடவில்லையென்று அன்ரிக்கும் அவனுக்கும் மனத்தாங்கல். சுதன் வேறு இடத்தில் தூள் எடுத்து, அதே மூன்று கரண்டிப் பக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கினான். அன்ரியின் பெட்டிகள் அவனுடைய முறைப்பாட்டில் துறைமுகத்தோடு நின்றன. தீவு ஓடர்களை நம்பித்தான் அன்ரி பெரிய ஆலை வாங்கி, உதவிக்கு இரண்டு பெண்களையும் வைத்திருந்தார். இனி வேலையில்லையென்று அவர்களை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தீவையும் அதன் சட்டத்தையும்தான் திட்டினார். நானும் "ஓம் அன்ரி, மோசமான சட்டம்தான்" என்று ஒத்தூதினேன். எழுதும்போது இப்பவும் கூசுகிறது. அவர் போனபின் சுதனுக்கு ஃபோன் எடுத்து நியாயம் பேசினேன். அவன் கோபிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அன்ரியின்ர தூள் திறம்தான் அண்ணை. ஆனா பேப்பரில ஓனர் நான். போடச் சொன்னது நீங்கள்தானே."

நாலு நாள் எழுதிய ஒரு பக்கம்

தீவு முகவர் ஒரு வழி சொன்னார். சுதனின் பெயரில் பதிந்தது வசதிக்காக மட்டும், உரிமை அன்ரியுடையதுதான் என்று விவரம் தெரிந்த ஒருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால், பதிவை மாற்றக் கேட்கலாம். விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாலு நாள் மினக்கெட்டு ஒரு பக்கம் எழுதினேன். ஆலோசனை வழங்கப்பட்டது, தீர்மானம் எடுக்கப்பட்டது, பதிவு மேற்கொள்ளப்பட்டது என்று எல்லாம் வடிவாக இருந்தது. மிலானி வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"எல்லாம் நடந்திருக்கு அங்கிள். இதில நீங்கள் எங்க?"

வாசித்துக் காட்டியது

திரும்பவும் எழுதினேன். தீவில் அப்படிச் சட்டமில்லை, என் பஞ்சியால் நான்தான் பொய் சொன்னேன் என்று எழுதி, என் முழுப்பெயரையும் போட்டேன். அனுப்புவதற்கு முன் அன்ரியைக் கூப்பிட்டுத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருக்க அந்தத் தாளாவது கையில் இருந்தது. வாசித்து முடித்ததும் அன்ரி மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அப்ப, இவ்வளவு நாளும் நான் திட்டினது தீவை இல்லை, உங்களைத்தான், என்ன தம்பி?"

கடதாசி தீவுக்குப் போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை. 'உங்கள் உரிமைக்கு நாங்கள் பொறுப்பு' என்று கந்தோர் வாசலில் நான் மாட்டியிருக்கும் பலகையை அன்று அன்ரி நின்று வாசிக்காமல் படியிறங்கியதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.