தமக்கை அரைச்ச மஞ்சள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை சலூன் வைச்சிருக்கிறன். கலியாணப் பொம்பிளையளுக்குப் புருவத்திலை நிறம் குத்துறதுதான் என்ரை பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையளிலை கடையைப் பூட்டிப்போட்டு, மார்புப் புற்றுநோயிலை தப்பி வந்த பொம்பிளையளுக்கு, டொக்டர்மார் தைச்சு உருவாக்கிவிட்ட மார்பிலை முலைக்காம்பு மாதிரிப் பச்சை குத்திவிடுறன். காசு வாங்கிறேல்லை.

சாவகச்சேரியிலையிருந்து பள்ளிக்கூட ரீச்சர் ஒராள் தமக்கையோடை வந்தா. கிணத்தடியிலை குறுக்குக்கட்டோடை நிண்டு குளிச்ச மனிசி, ஒப்பரேசனுக்குப் பிறகு அறையைப் பூட்டிக்கொண்டு வாளித் தண்ணியிலை குளிக்கிறாவாம். "துணி நழுவினாலும் பயமில்லாமல் அள்ளிக் குளிக்கோணும், அவ்வளவுதான்," எண்டா.

புற்றுநோய்க்கெண்டு கதிரடிச்சு, கரண்ட் பிடிச்ச தோல், கடதாசி மாதிரி மெல்லிசு. ஒருக்காத்தான் ஊசி தாங்கும் எண்டு முதலே சொன்னனான். பயந்து பயந்துதான் குத்தினன். முடிச்சுக் கண்ணாடியைக் காட்ட, "ஐயோ, உண்மையானது மாதிரியெல்லோ கிடக்கு!" எண்டு வாயைப் பொத்திச் சிரிச்சா. எனக்கும் கண் கலங்கிப்போச்சு. களிம்பைத் தவிர ஒண்டும் பூசவேண்டாம் எண்டு பத்துத்தரம் சொல்லித்தான் அனுப்பினன்.

அடுத்த மாதம் வந்து சட்டையைக் கழட்டினா. நிறமெல்லாம் பொருக்கோடை உரிஞ்சு, தோல் மஞ்சளாய் வெந்துபோய்க் கிடந்துது. தமக்கை மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு, பிள்ளை பெத்தவளுக்குச் செய்யிறமாதிரி நெடுகப் பூசி, சுடுதண்ணி ஒத்தடமும் குடுத்திருக்கிறாவாம். காயமெண்டால் எங்கடை சனத்துக்கு வேறை என்ன தெரியும்?

"நீங்கள் மறிக்கேல்லையே ரீச்சர்?"

"மறிச்சனான். 'நான் உனக்குக் கெட்டது செய்வனே' எண்டு அழுதிட்டா. படுக்கையிலை கிடக்கேக்கை என்னைத் தூக்கிக் கழுவின மனிசி. மஞ்சளாலைதான் இப்பிடியெண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ." பிறகு மெல்லமாக் கேட்டா, "திரும்பக் குத்த ஏலாதோ?"

தொட்டுப் பாத்தன். தொட்ட இடமே கிழியிற பதம்.

"ஏலாது ரீச்சர். ஆசுப்பத்திரியிலை காட்டுங்கோ."

வெளியிலை இருந்த தமக்கை உள்ளுக்கு வந்து பாத்தா. "என்ன பிள்ளை இது? ஓசியெண்டால் இப்பிடித்தானோ வேலை?"

ஆரும் ஒரு சொல்லுச் சொன்னால் ரண்டாத் திருப்பிக் குடுக்கிறவள் நான். வாய் வரைக்கும் வந்திட்டுது. ரீச்சர் என்னையே பாத்துக்கொண்டு நிண்டா. விழுங்கினன்.

"தோல் நிறத்தைப் பிடிக்கேல்லை அக்கா," எண்டன்.

தமக்கை தங்கச்சியின்ரை சட்டைக் கொளுக்கியளை நோகாமல் ஒவ்வொண்டாப் பூட்டிவிட்டா. "நான் மஞ்சள் பூசினபடியாத்தான் இந்தளவிலையாவது நிக்குது. வா, வீட்டை போய் அரைச்சுப் பூசிவிடுறன்."

"ஓம் அக்கா," எண்டு ரீச்சர் அவவுக்குப் பின்னாலை போனா.