கழுவாத காசு

யோகேஸ்வரி எனக்குச் சித்தி மகள். சித்தி வெள்ளையம்மா என் அம்மாவோடு பிறந்த கடைசி ஆள், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவள். தங்கம் வாங்க வக்கில்லாத காலத்தில், ராசா தலை, ராணி தலை போட்ட பழைய வெள்ளிக்காசுகளை ஒவ்வொன்றாக வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். சித்தி போனபின் டின் யோகேஸ்வரிக்கு வந்தது. அவளும் தோட்டத்தில் மரம் வெட்டினாள். சிகாமட் டவுனுக்கு வந்தபின் பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவினாள். புருசன் அர்ச்சுனன் ரயில் தண்டவாள வேலையில் இருந்து, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு சின்ன வீடு வாங்கிவிட்டுக் கண்ணை மூடினான். எந்தக் கஷ்டத்திலும் அவள் அந்த டின்னை விற்க நினைத்ததில்லை.

போன மழையில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் நெஞ்சுயரம் ஏறியது. வடிந்தபின் பார்த்தால் சுவரில் ஓடிய ஒயர் எல்லாம் கெட்டுப் போயிருந்தது. ஒயரை மாற்றின இடத்துக்குத்தான் கரண்ட் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். மகன் குணாளன் அவளை ஜொகூர் பாரு பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். மருமகள் ரூபினி நல்ல பிள்ளைதான், சோறு போட்டுக் கொடுக்கும். ஆனாலும் அந்த அடுக்குமாடியில் யோகேஸ்வரி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். நான் போய்ப் பார்த்தபோது, "அண்ணே, இங்க ஒரு டம்ளரைக் கழுவக்கூட விட மாட்டேங்குறாங்க" என்றாள்.

ஒயர் மாற்ற மகனிடமும் பணமில்லை. சிங்கப்பூர் வேலை, ஆனால் வீட்டுக் கடன், கார்க் கடன். "அம்மா, காசை வித்து ஒயர் மாத்த முடிஞ்சா நீங்க சிகாமட்லயே இருங்க. முடியலன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்கயே இருந்துடணும், சரியா?" என்றான். அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஜொகூர் பாருவில் பழைய காசு வாங்குகிற சந்தனசாமியிடம் மூன்று பேரும் போனோம். அவருக்குப் பூர்வீகம் எங்கள் பக்கத்து யோங் பெங். அவருடைய பெரியப்பா கோயிலில் மணி அடித்தவர், எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும் உள்ளே உட்கார வைத்தார்.

யோகேஸ்வரி துணியை விரித்தாள். காசுகள் புது எவர்சில்வர் மாதிரி பளபளத்தன. சந்தனசாமி ஒன்றை விளக்கடியில் பிடித்துச் சாய்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. முகம் வாடியது.

"அக்கா, இதை எதால தேச்சீங்க?"

"புளியும் சாம்பலும். வெள்ளத்துல எல்லாம் சேறு. விளக்கு, சொம்பு, குடம் கழுவுறப்ப இதையும் சேர்த்துத் தேச்சேன். நேத்து பல்பொடி போட்டு இன்னொரு தரம்."

"நேத்தும் தேச்சீங்களா. அலமாக், போச்சே."

"அழுக்கோட கொண்டாந்து உங்க கையில கொடுக்கலாமாய்யா?"

"சேத்தோட கொண்டாந்திருந்தா நான் கும்பிட்டு வாங்கியிருப்பேன்கா." கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினார். "பாருங்க, மூஞ்சியெல்லாம் முடி முடியாக் கீறல். தேய்க்காத காசைத் திருப்பினா வெளிச்சம் சுத்தி வரும். இதுல தகரம் மாதிரி ஒரே மினுக்கு. சேர்த்து வைக்கிறவன் தொட மாட்டான்லா. எடை போட்டு வெள்ளி விலைதான் கொடுக்க முடியும்."

தராசில் போட்டார். அவர் சொன்ன விலை ஒயர் செலவில் பாதிக்குக்கூட வராது. குணாளன் போனைப் பார்த்தபடி, "விடுங்கம்மா, பெர்மாஸ் ஜெயாவுக்கே போலாம்" என்றான். அவள் கால் நீட்ட இடம் கிடைத்தால் அங்கேயே படுத்துவிடுவாள் போல உட்கார்ந்திருந்தாள்.

"தேய்க்காதது ஒண்ணுகூட இல்லையாக்கா?"

இடுப்புப் பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அர்ச்சுனன் கண்ணை மூடியபோது அவன் நெற்றியில் வைத்த காசு. அந்த டின்னிலிருந்து எடுத்தது, ராணி தலை போட்ட வெள்ளி ஐம்பது காசு. எங்கள் வகையறாவில் நெற்றிக்காசைக் கழுவ மாட்டோம். சந்தனத்தோடு அப்படியே முடிந்து வைப்போம்.

சந்தனசாமி ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். கறுப்பும் நீலமுமாக இருந்தது. திருப்பத் திருப்ப வெளிச்சம் அதன்மேல் ஊர்ந்தது. அவர் சொன்ன விலையைக் கேட்டு குணாளன் போனைக் கீழே வைத்தான்.

"இது எங்கப்பா நெத்திக்காசுங்க," என்றான்.

சந்தனசாமி காசை மெதுவாகத் துணிமேல் வைத்தார். "எனக்குத் தெரியாது தம்பி. எடுத்து வச்சிக்குங்க."

"நீங்க வாங்கிக்குங்க," என்றாள் யோகேஸ்வரி.

"அம்மா, அப்பாவோடதும்மா."

"அவர் வாங்கின வீடுதானடா. அவர் காசுலயே லைட் எரியட்டும்."

"வேணாம்மா. வீட்டுல வச்சிருந்தா நல்லதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"வச்சிருந்தேன். வெள்ளம் வந்துச்சு." அதற்குமேல் அவள் அவனைப் பார்க்கவில்லை. சந்தனசாமி என்னைப் பார்த்தார். நான் மூத்தவன், ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். அவளுக்கு இருக்கிற அலுப்பை நான் சுமக்க முடியுமா?

எல்லாக் காசையும் கொடுத்தும், முன் கூடத்துக்கும் சமையலறைக்கும்தான் ஒயர் இழுக்க முடிந்தது. பின்னறை இருட்டுதான், ஆனாலும் அது போதும் என்று அவள் திரும்பிப் போய்விட்டாள். போன வாரம் சிகாமட்டுக்குப் போனேன். முன் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்திருந்தாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிந்தது.

"டிசம்பர்ல ஆத்துத் தண்ணி மறுபடியும் ஏறுமாம்ணே, டிவில சொன்னாங்க."

"குணாளன் கூப்பிட்டானா?"

"தினமும் கூப்பிடுறான், பாவம்." எழுந்திருக்கப் பார்த்தாள், முடியாமல் மறுபடி சாய்ந்துகொண்டாள். "தேத்தண்ணி நீங்களே கலக்கிக்குங்கண்ணே. குடிச்ச டம்ளரை அப்படியே வச்சிருங்க, நான் கழுவிக்கிறேன்."