யாரும் கூட்டாத அறுப்பு

பக்கத்து வீட்டுத் தோர்பேகையைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் மெச்சிவிட மாட்டார்கள். முன்பல் ஒன்று இல்லை. எருமை முட்டியதில் போனது. அவள் குரல் வயல் கடந்து கேட்கும். புருஷன் துபாயில் கட்டட வேலை செய்கிறான். எப்போதாவது வருவான், ஆளுக்கொரு போர்வையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். எருமை, நிலம், பெண் குழந்தைகள் எல்லாம் அவள் தலையில்.

அந்த வருஷம் கோதுமை முற்றித் தலை சாய்ந்து நின்றது. மேற்கு மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆலங்கட்டி விழுந்தால் மணியெல்லாம் மண்ணோடு போகும். வருஷம் முழுக்க ரொட்டிக்கு மாவு யார் வீட்டில் கேட்பது?

அறுப்புக்கு எங்கள் ஊரில் அஷர் கூட்டுவார்கள். ஊர் ஆண்கள் கூலியில்லாமல் வந்து அறுத்துக் கொடுப்பார்கள், வயல்காரர் வயிறு நிறையச் சோறு போட வேண்டும். ஆனால் ஆண்கள் கூடும் ஹுஜ்ராவில் போய் அதைச் சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆண் வேண்டும். தோர்பேகைக்கு இருந்தது புருஷனின் அண்ணன் ஜந்தாத் ஒருவன்தான். அண்ணன் என்ற மரியாதைக்கு அவனை 'லாலா' என்பாள். அவன் வாசலில் வந்து நின்றபோது நானும் அங்கே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன்.

"வாய்க்கால் ஓரத்து நிலத்தை எனக்கு விட்டுடு. நாளைக்கே ஊரைக் கூட்டறேன்."

"அது என் பொண்ணுங்க சோறு, லாலா."

"அப்ப பொண்ணுங்களையே அறுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் தட்டிய ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"கொடுத்துத் தொலையேண்டி. விளைஞ்சதாவது வீடு வந்து சேரும்."

"உன் புருஷன் கேட்டா நீ நிலத்தைக் கொடுப்பியா?"

"அந்த ஆள் அரிவாளைக் கேட்டாலே கொடுக்க மாட்டேன். தொலைச்சுட்டு வந்து நிப்பான்."

சிரித்தாள். பிறகு, "உன் பெரிய அண்டாவைக் கொடு" என்றாள்.

"யாருக்குடி சமைக்கப்போறே?"

"ஊருக்கு."

போர்வையைச் சுற்றிக்கொண்டு மேளக்காரன் அஜப் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். அவன் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்த குளிர்காலம் முழுக்கத் தோர்பேகை வீட்டு எருமைப் பால்தான் அங்கே போனது. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. காலையில் தன் வரப்பில் நின்று அறுப்பு மேளம் அடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அந்த மேளம் கேட்டால் அஷர் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அஜப் தலையைச் சொறிந்தான். "அஷர் யார் கூட்டினதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது, அக்கா?"

"ஒருத்தனும் கேக்கமாட்டான். கேட்டா, தன்னை யாரும் கூப்பிடலைன்னு தன் வாயாலேயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நம்ம ஆம்பளைங்களுக்கு அதைவிடச் சாவு மேல்."

விடியும்போது மேளம் அதிர்ந்தது. என் புருஷன் துள்ளி எழுந்து அரிவாளைத் தேடினான்.

"எங்கேய்யா?"

"அஷருக்கு."

"யார் கூப்பிட்டாங்க?"

"நேத்து ஹுஜ்ராவுல சொல்லியிருப்பாங்க, நான் கண்ணசந்திருப்பேன். ஊர் முழுக்கக் கேக்கற மாதிரி கத்தாதே!"

எல்லா வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும். நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம். தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே ஓடிவந்தான் ஜந்தாத். யார் வயல் என்று தெரிந்ததும் கால் நின்றுவிட்டது. திரும்பலாம் என்றால் ஊரே அரிவாளும் கையுமாக அவனையே பார்க்கிறது.

ஷேர்தில் என்ற கிழவர் கத்தியது மாடிவரை கேட்டது. "சபாஷ் ஜந்தாத்! தம்பி ஊர்ல இல்லைன்னா அண்ணன் இப்படித்தான் நிக்கணும்!"

ஜந்தாத் சுற்றிலும் பார்த்தான். மீசையைத் தடவினான். அஷர் கூட்டியவன்தான் வரிசைக்கு முன்னால் நின்று அறுக்க வேண்டும். அறுத்தான், முதுகு ஒடிய.

இருந்த கோழிகளை எல்லாம் அடித்து, சோற்றில் நெய்யை ஊற்றி, அல்வா கிண்டி அனுப்பினோம். உச்சி வெயில் சாய்வதற்குள் வயல் காலி. கட்டுகளைப் போராக அடுக்கித் தார்ப்பாயால் மூடினார்கள்.

காலி அண்டாவைத் திருப்பிக் கொடுக்க ஜந்தாத்தே வந்தான்.

"உண்மையைச் சொல்லு. யார் கூட்டினது?"

"ஊரே சொல்லுதே, நீங்கதான் லாலா."

அண்டாவைக் கீழே வைத்தான்.

"சோத்துல உப்பு தூக்கல்."

"அண்டாவை வழிச்சுத் தின்னுட்டு இதையும் சொல்றீங்க. இன்னும் கொஞ்சம் அல்வா தரட்டுமா?"

வாங்கித் தின்றான். தின்றுகொண்டிருக்கும்போதே ஆலங்கட்டி கூரையில் விழத் தொடங்கியது. வயலில் மிஞ்சிய வெறும் அரிதாள்மேல் விழுந்து என்ன செய்யும்? அடித்து ஓய்ந்தது.

வயலுக்குப் போய்வந்ததில் அடிபட்டு என் அண்டாவில் ஒரு நெளிவு. அதற்காக அவளைத் திட்டினேன், மற்றபடி அவள் காலைத் தொட்டால்கூடத் தப்பில்லை. கிடைத்த பேரை அவனுக்கே விட்டுக்கொடுத்தாளே, எனக்கு அந்தப் பொறுமை வராது. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன், நிலமும் போயிருக்கும்.

வாய்க்கால் ஓரத்து நிலத்தைப் பற்றி ஜந்தாத் அதன்பின் பேசவில்லை. அடுத்த வருஷம் கோதுமை பழுத்ததும், யாரும் கேட்காமலே ஹுஜ்ராவில் எழுந்து நின்று, "தம்பி வயலுக்கு அஷர்" என்று சொன்னானாம். என் புருஷன் வந்து சொன்ன அந்தச் சேதியை நான் ஓடிப்போய்த் தோர்பேகையிடம் சொன்னேன். அவள் எருமை மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அண்டாவைக் கழுவி வை" என்றாள்.