மூன்றாவதாக உள்ளே இருந்தவர்

"எழுந்திருங்க சார்! அது பசங்களுக்கு வாங்கின இடம்!"

"குரலை உயர்த்தாதம்மா. நான் யாருன்னு தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும். ஒரு மாசமா இந்த நாற்காலியோட ஒட்டிக்கிட்டு இருக்கிறவர். இந்த வகுப்பு மொத்தமும் நாளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணும். வாசல்ல வரிசையா நிக்குதுங்க. ஒருத்தராலயும் உள்ள நுழைய முடியல."

"ஆன்லைன்ல ஒரே நேரத்துல மூணு பேருக்குத்தான் இடம்னா நான் என்ன பண்றது? நான் ஒருத்தன்தானே?"

"ஒருத்தரா? வீட்டு லேப்டாப்லயும் எவனோ ஒரு பையனோட பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து வச்சுட்டுத்தானே வர்றீங்க? அது ரெண்டு."

"சரி, ரெண்டுன்னே வச்சுக்கோ. மூணாவது யாரு?"

நூலகப் பெண் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவரைத் தவிர பாஸ்வேர்டு கொடுத்திருந்தது அந்த ஒரு வகுப்புக்கு மட்டும்தான். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். திரையின் மூலையிலோ 'உள்ளே இருப்போர்: 3' என்று இருந்தது.

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், எனக்கு நஷ்டம் இல்லை. சண்டை போட்ட நூலகப் பெண் என் வீட்டு மாடியில் குடியிருந்தவள். திட்டு வாங்கியவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் அரைக்கல் சுவர். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் யாரும் தும்மியதுகூட இல்லை.

அவரைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை. பட்டம் வாங்கிய டாக்டரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வணிகவியல் வாத்தியார். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த அன்றே பித்தளையில் பெயர்ப்பலகை அடித்து வைத்துவிட்டார், 'டாக்டர்' என்று முன்னால் போட்டு. மாட்டத்தான் முடியவில்லை. அவர் மனைவி வாரா வாரம் அதைத் துடைத்து அலமாரியில் திரும்ப வைப்பாள். ஏழு வருஷமாகத் துடைத்ததில் எழுத்தே தேய்ந்துவிட்டது.

ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பழக்கம்.' மனிதர் பேப்பரில் தலைப்பைத் தாண்டிப் படித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அவசரம் வந்தது. துணை முதல்வர் நாற்காலி காலியாகிறது. டாக்டர் பட்டம் இருந்தால் அவருக்கு. இல்லையென்றால் அதே பள்ளியில் கணக்கு எடுக்கும் அவருடைய சகலைக்கு. மனைவியின் அக்கா புருஷனுக்குக் கீழே கைகட்டி நிற்பதைவிட அவர் கிணற்றில் குதிப்பார். அக்காவின் வாயை நினைத்தால் மனைவியும் கூடவே குதிப்பாள்.

பள்ளி நூலகத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் கிடைக்கும் ஆன்லைன் களஞ்சியம் ஒன்று இருந்தது. டேட்டாபேஸ் என்பார்கள். அதை நடத்தும் நிறுவனத்துக்குப் பணம் கட்டி, பிள்ளைகளுக்கு பாஸ்வேர்டு கொடுத்து, வீட்டிலிருந்தும் படிக்கலாம் என்று விளம்பரமெல்லாம் செய்தார்கள். நிர்வாகம் வாங்கியதோ இருப்பதிலேயே மலிவான திட்டம். ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் உள்ளே இருக்கலாம். நான்காவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அந்த மூன்றில் இரண்டை நம் டாக்டர் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தார்.

மூன்றாவது ஆள் சகலைதான் என்று முடிவு கட்டினார். வேவு பார்க்கிறானாம். முதல்வரிடம் போய் வத்தி வைத்து, பாஸ்வேர்டு வெளியே கசிகிறது என்று சொல்லி, பிள்ளைகளின் கணக்கு அத்தனையையும் நீக்க வைத்தார். வகுப்பு மொத்தமும் ப்ராஜெக்டில் கோட்டை விட்டது. அவருக்கு என்ன?

மறுநாள் போய் உட்கார்ந்தார். அவருடைய கணக்கு ஒன்று மட்டும்தான் மிச்சம்.

'உள்ளே இருப்போர்: 2.'

அன்றுதான் அந்த முதல் கட்டுரை வந்தது.

அந்தக் களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். டாக்டருக்கு ஆங்கிலம் கல்லில் நார் உரிப்பதுபோல. அன்று தேடியதும் மேலே வந்து நின்றது ஒரு தமிழ்க் கட்டுரை. பள்ளி நூலகத்தில் வாசகர் ஒருவரின் பின்னால் உட்கார்ந்து, அவர் எப்படிப் படிக்கிறார் என்று கவனித்து எழுதியது. அழகான நடை. கேள்விப்படாத ஒரு பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு கணம் யோசித்திருப்பார்கள். இவர் அப்படியே நகல் எடுத்து ஒட்டினார்.

அடுத்த நாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று. அவர் எந்த அத்தியாயத்தில் நிற்கிறாரோ அதற்குத் தைத்த சட்டைபோல வந்தது. அது மட்டுமில்லை. கட்டுரையைத் திறக்கும்போதே முக்கியமான வரிகளில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

"யாரோ ஒரு புண்ணியவான் நமக்காக வேலை பார்க்கிறான்டி" என்று மனைவியிடம் சொன்னார். சுவர் வழியாக நானே கேட்டேன். "நான் படிக்கவே வேண்டாம். மஞ்சளை மட்டும் எடுத்தாப் போதும்."

"யாருங்க அது?"

"யாரா இருந்தா என்ன? பட்டம் யாருக்கு?"

ஒரு மழைநாள் சாயங்காலம். பள்ளி விட்டாகிவிட்டது. நூலகப் பெண் அலமாரிகளுக்குப் பின்னால் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

டக். டக். டக்.

கீபோர்டு சத்தம். பக்கத்துக் கணினியிலிருந்து.

அது அணைந்திருந்தது. நாற்காலி மட்டும் மேசையிலிருந்து சற்றே வெளியே இழுபட்டிருந்தது. யாரோ உட்கார வசதியாக.

அவர் தட்டுவதை நிறுத்தினார். அந்தச் சத்தமும் நின்றது. மறுபடி தட்டினார். அதுவும் தட்டியது... கொஞ்சம் பிந்தி.

"ஏம்மா, அங்க யாராவது இருக்காங்களா?"

"நீங்களும் நானும்தான் சார்."

கண் தெளிவாக இல்லை. கட்டுரைக்கு மேலே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இயந்திரக் குரல் கட்டுரையைப் படித்துக் காட்டும். ஆங்கிலம் மட்டும்தான் அதற்குத் தெரியும். பழக்கத்தில் அழுத்திவிட்டார்.

தமிழில் படித்தது.

தணிந்த குரல். ஆணா பெண்ணா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கவனிக்கப்படுபவர்... இடது காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார்."

அவர் கால் நின்றது.

"நிறுத்திவிட்டார்."

அறையில் மழைச் சத்தம் மட்டும்.

"திரும்பிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்... பார்க்க மாட்டார்."

பார்க்கவில்லை. கணினியை அணைக்காமலே ஓடிவந்தார். செருப்பு நூலகத்திலேயே கிடந்தது. அன்று வெறுங்காலோடு தெருவில் நுழைந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேண்டுதலோ என்று நினைத்தேன்.

இதோடு விட்டிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் மறுநாள். நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு கட்டுரை குறைந்தது. மனைவி காலைப் பிடிக்காத குறை.

"வேணாங்க. விட்டுடுங்க. அக்கா என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிறேன்."

"அவன் என் மேல உக்காந்து அதிகாரம் பண்ணணுமா?"

பேயைவிட சகலைக்குப் பயந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.

வீட்டு லேப்டாப்பில் திறந்தார். 'உள்ளே இருப்போர்: 2.' கட்டுரை தயாராகக் காத்திருந்தது. இந்த முறை மஞ்சள் கோடு ஒரு வரி, இரண்டு வரியோடு நிற்கவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மஞ்சள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மொத்தத்தையும் நகல் எடுத்தார். ஒரு வார்த்தை படிக்கவில்லை. அச்சாகி, அட்டை போட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். டாக்டர் தெருவையே கூப்பிட்டிருந்தார். சகலையை முதல் ஆளாகக் கூப்பிட்டிருந்தார், வயிறு எரியட்டும் என்று. நான் மூன்றாவது வரிசை. எனக்குப் பக்கத்தில் நூலகப் பெண். முன்வரிசையில் அவர் மனைவி, ஒரு காலி நாற்காலி, அதற்கு அந்தப் பக்கம் சகலை.

தேர்வாளர்கள் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"நாலாவது அத்தியாயம் ரொம்பப் பிரமாதம். இவ்வளவு நுணுக்கமா ஒரு ஆளைக் கவனிச்சு எழுதி நான் படிச்சதில்ல. இந்த ஆளு யாரு சார்? மாணவர் மாதிரித் தெரியலையே?"

டாக்டர் இளித்தார். "அது... ஒரு வாசகர், மேடம்."

"வாசகரா?" பேராசிரியை பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "'கவனிக்கப்படுபவர் இதுவரை ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை. திரையை நகர்த்துவதற்கும் விரலை எச்சில் தொட்டுக்கொள்கிறார்.'"

சகலை வாய்விட்டுச் சிரித்தார். நானும்தான். இவரைத் தவிர வேறு யாராக இருக்கும்?

"'வீட்டில், மனைவி தூங்கியபின் எழுந்து, கண்ணாடி முன் நின்று, துணை முதல்வரின் உரையைப் பேசிப் பார்க்கிறார். கவனிப்பவர் அப்போது கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் நிற்கிறார்.'"

யாரும் சிரிக்கவில்லை.

மனைவியின் கழுத்து விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"கடைசிப் பத்தி இன்னும் விசித்திரம்" என்று பேராசிரியை தொடர்ந்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது.

"'கவனிக்கப்படுபவர் இப்போது மூவர் முன் நிற்கிறார். வலது கையால் மேசையைப் பிடித்திருக்கிறார்...'"

பிடித்திருந்தார்.

"'நடுவில் இருப்பவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் மனைவி. அவள் பக்கத்தில்... கவனிப்பவர்.'"

மூன்று மாதத்துக்கு முன்னால் அச்சடித்த தாள் அது.

"'இப்போது திரும்பிப் பார்ப்பார்.'"

திரும்பினார்.

அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். எங்கள் கண்ணுக்கு அது காலி.

அவர் கண்ணுக்கு இல்லை.

டக்.

பேராசிரியை ஆய்வேட்டை மூடிய சத்தம் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஆய்வேடு பேராசிரியையின் மடியில் திறந்தபடியே இருந்தது.

பட்டம் கிடைக்கவில்லை. அந்தக் கட்டுரைகளின் மூலத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். டாக்டர் எங்கே போவார்? பாவம் பார்த்து நூலகப் பெண்தான் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். பதிலை மாடிப்படியில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாள். அப்படி ஒரு பத்திரிகை அவர்களிடம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தமிழில் ஒரு கட்டுரைகூடக் கிடையாது. அதற்கும் கீழே ஒரு வரி. நம் டாக்டரின் கணக்கை உருவாக்கிய நாள் முதல் அதை யாரும் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

அப்படியானால் இத்தனை மாதம் அவர் எதற்குள் போய் உட்கார்ந்திருந்தார்?

எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துணை முதல்வர் நாற்காலி சகலைக்குப் போனது. அக்காவின் வாய் இப்போது ஊர் கொள்ளவில்லை. நூலகப் பெண் வேலையை விட்டாள். அடுத்த மாதமே அந்தப் பள்ளிக்குக் கணினி பழுதுபார்க்க வருகிறவரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாடி இன்னும் காலி. டாக்டரும் மனைவியும் வீட்டைக் காலி செய்துவிட்டு அவளுடைய தம்பி வீட்டோடு போய்விட்டார்கள்.

போன வாரம் டாக்டர் மனைவி போன் செய்தாள். அவர் நன்றாகத்தான் இருக்கிறாராம். சாப்பிடுகிறாராம், தூங்குகிறாராம். யாரிடமும் சண்டை இல்லையாம்.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா. தட்டு முன்னாடி உக்காந்தா உடனே கையை வைக்க மாட்டேங்கறார். கொஞ்சம் இருப்பார். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே, தோளுக்குப் பின்னால மெதுவா சொல்லுவார்..."

"என்னன்னு?"

"'சாப்பிடப் போறேன். எழுதிக்கோ'ன்னு."